கெளுத்தி

போஸ்டரில் எங்களை
'கெழுத்தி மகளிர் இன்னிசைக் குழு' என்று அடித்திருந்தார்கள்.
'இன்னிசை'யை ஜெனோவா பேனாவால் அடித்தாள்.
'மகளிர்' மேல் ஜுலைஹா சூயிங்கம் ஒட்டினாள்.
எழுத்துப்பிழையை நான் விட்டுவிட்டேன்.

வலையிலிருந்து கழற்றும்போது
கெளுத்தியின் முள்ளைத்தான் முதலில் ஒடிப்பார்கள்.
அதற்கு முந்திய நொடிக்கு
வைத்த பெயர் இது.

காலையில் எனக்குப் பெயர் பாசிக்காரி.
சின்னப்பாலத்திலிருந்து ஒரு வத்தையில் ஏழு பேர்.
பழைய சேலையைக் கிழித்துப் பத்து விரலுக்கும் சுற்றி,
கண்ணாடி மாட்டி முங்கினால்
கஞ்சிப்பாசிக்கு ஒரு மூச்சு,
மரிக்கொழுந்துப் பாசிக்கு ஒன்றரை.
அந்த அரை மூச்சு எங்கே கிடக்கிறதென்று
எனக்கே தெரியாது.
கத்துவதற்கு அதைத்தான் செலவழிக்கிறேன்.

பாறை கிழித்த விரலைக்
கம்பி இன்னொரு தரம் கிழிக்கும்.
உப்புக்காற்றில் கம்பிக்கு ஆயுசு பதினைந்து நாள்.
மதுரையில் ஒரு செட் நானூற்றைம்பது,
அதாவது ஆறு கிலோ காய்ந்த பாசி.
அறுந்ததை முடிச்சுப் போட்டு மாட்டினேன்.
முடிச்சில் விரல் தடுக்கியது.
அந்தத் தடுக்கலுக்காகவே ஒரு பாட்டு எழுத வேண்டியதாயிற்று.

ஒத்திகை தங்கச்சிமடத்தில்,
ஜெனோவா கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனியின் பின்கட்டில்.
ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடும்வரை வாசிக்கலாம்.
நின்றால் நாங்களும் நிற்க வேண்டும், முதலாளி உத்தரவு.
அதனால்தான் எங்கள் பாட்டெல்லாம் இரண்டு நிமிஷம்.
ஒரு பாளம் உடையும் நேரம்.

ஜுலைஹா கீழக்கரையிலிருந்து பஸ் பிடித்து வருவாள்.
பேஸ் கிட்டார் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பியது.
உம்மாவுக்குத் தெரியும்.
வாப்பாவுக்குத் தெரியாதென்று உம்மாவுக்கு நினைப்பு.

ராமநாதபுரத்தில் ஒரு காலேஜ் ஆண்டு விழா.
மேடையேறும்போதே ஸ்பீக்கர்காரர் சொன்னார்:
"பாப்பா, மைக்கைக் கடிக்காம பாடணும்."
பாட்டுக்குப் பாட்டு
என் சத்தத்தை ஒரு சுற்று, ஒரு சுற்றாய் இறக்கினார்.
மூன்றாவதில்
எனக்கே நான் கேட்கவில்லை.

அது ரோந்துப் படகு எங்கள் வத்தையைப் பிடித்துப்போன
அன்றைக்கு எழுதியது.
தீவைச் சுற்றிக் கோடு போட்ட சாரே,
தண்ணியைச் சுற்றிக் கோடு போட்ட சாரே,
என் வாயைச் சுற்றிப் போட
சாக்பீஸ் இருக்கா சாரே.
இவ்வளவுதான். பதினாறு தரம்.

மைக்கைத் தரையில் படுக்கவைத்தேன்.
மேடை விளிம்பில் உட்கார்ந்து
அரை மூச்சை எடுத்தேன்.
ஜெனோவா அடியைக் குறைப்பாள் என்று நினைத்தேன்.
கூட்டினாள் பாவி.
பள்ளிக்கூட பேண்டில் கழித்துப்போட்ட டிரம்,
ஓட்டையில் ஒட்டிய பிளாஸ்திரி பிய்ந்து பறந்தது.

முன்வரிசையில் ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தி
இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.
பொத்திய கையோடு
அவள் வாய் மட்டும்
சாரே, சாரே என்று அசைந்தது.

"ஒரு மெலடி போட்டிருக்கலாம்மா"
என்றபடி கவரை நீட்டினார் செயலாளர்.
நாலாயிரம். வேனுக்குப் போக இரண்டாயிரத்து நூறு.
மூன்றாய் வகுத்தால் ஆளுக்கு எழுநூறு.

ஜுலைஹாவைக் கீழக்கரை கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு
நாங்கள் இருவரும் பாம்பன் பாலம் ஏறும்போது
ஜெனோவா தூங்கிவிட்டாள்,
குச்சிகள் இரண்டும் கைக்குள்ளேயே.
காற்று வேனை ஒரு பக்கமாய்த் தள்ளியது.
காதில் நிற்காத கொய்ங்.
இரண்டாள் ஆழத்தில்
மூச்சு முடியப்போகும்போது கேட்பதும்
இதே சுருதிதான்.

விடிகாலை வத்தையில் தொண்டை சுத்தமாய் இல்லை.
விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே
முனியராணி அக்கா கேட்டாள்:
"எடி நம்பு, எம்புட்டு குடுத்தாய்ங்க?"

விரலைக் காட்டினேன்.
சேலைக்கிழிசலில் இரண்டு விரல் சேர்ந்து கட்டியிருந்ததால்
அவள் ஒன்று குறைத்து எண்ணினாள்.
"இதுக்கா அந்தக் கத்து" என்றாள்.

கண்ணாடியில் எச்சில் துப்பித் துடைத்தேன்.
முங்கினேன்.